கடித்த பழம் எங்கே?

2019 ஜூன் 4 அன்று, கொச்சியில் சிகிச்சையில் இருந்த ஒரு கல்லூரி மாணவருக்கு வந்திருப்பது நிபா என்று கேரளத்தின் அப்போதைய சுகாதார அமைச்சர் கே.கே. சைலஜா அறிவித்தார். ரத்த மாதிரியைச் சோதித்து உறுதி செய்தது புனேயிலுள்ள தேசிய வைராலஜி நிறுவனம். மாணவரின் வீடு எர்ணாகுளம் மாவட்டத்தில். படித்தது இடுக்கி மாவட்டம் தொடுபுழையில். காய்ச்சலோடு சில நாள் தங்கியிருந்தது, பயிற்சிக்காகப் போன திருச்சூரில். நோயாளி ஒருவர், மாவட்டங்கள் மூன்று. வைரஸ் அவரைப் பிடித்தது எந்த ஊரில்?

இப்படிப்பட்ட நேரத்தில் எந்த மாவட்ட அதிகாரியும் ‘எங்கள் ஊரில்தான்’ என்று முந்திக்கொண்டு கை தூக்க மாட்டார். பழ வியாபாரம், சுற்றுலா, கல்லூரிச் சேர்க்கை என்று எத்தனையோ அதில் அடங்கியிருக்கிறது. ஆனால் கேள்வியைத் தள்ளிப்போடவும் முடியாது. ஊர் தெரிந்தால்தான் அங்கே இன்னும் யாருக்காவது காய்ச்சல் இருக்கிறதா என்று தேடலாம். வைரஸைச் சுமக்கும் வௌவால்களைப் பிடிக்க எந்த மரத்தடியில் வலை கட்டுவது என்று முடிவு செய்யலாம்.

நோயின் தடத்தைப் பிடிப்பதில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. இவரிடமிருந்து யாருக்கெல்லாம் போயிருக்கக்கூடும் என்று முன்னோக்கித் தேடுவது ஒன்று. இவருக்கு எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கித் தேடுவது இன்னொன்று. செய்திகளில் இரண்டும் ஒன்றாகவே பேசப்படுகின்றன. உண்மையில் முதலாவது ஓடியாடி முடிக்கக்கூடிய வேலை. இரண்டாவது பெரும்பாலும் முடியாமலே போகும் வேலை. அதற்கான காரணத்தைச் சொல்லத்தான் இந்த அத்தியாயம்.

முன்னோக்கிய தேடலைப் பாலக்காட்டில் பார்க்கலாம். 2025 ஜூலை முதல் வாரத்தில் மண்ணார்க்காடு பக்கத்துப் பெண் ஒருவருக்கு நிபா உறுதியானது. மலப்புறம் மாவட்டப் பெரிந்தல்மண்ணையில் ஒரு தனியார் மருத்துவமனையில் அவர் சேர்க்கப்பட்டிருந்தார். அதே நாட்களில், மலப்புறத்தைச் சேர்ந்த, இறந்துபோன ஓர் இளம்பெண்ணுக்கும் நிபா இருந்தது தெரியவந்தது. இரண்டு நோயாளிகளுக்கும் சேர்த்துத் தொடர்புப் பட்டியல் போட்டபோது 425 பேர் தேறினார்கள். மலப்புறத்தில் 228, பாலக்காட்டில் 110, கோழிக்கோட்டில் 87. கோழிக்கோட்டுக்காரர்கள் 87 பேரும் ஆஸ்பத்திரிப் பணியாளர்கள். நிபா எந்த வழியில் நடக்கும் என்பதற்கு அந்த ஓர் எண் போதும். சந்தையைவிட, பேருந்தைவிட, அது விரும்புவது வார்டை.

இந்தப் பட்டியல் எப்படி உருவாகிறது? நோயாளியால் பேச முடியாது. மூளைக்காய்ச்சலில் நினைவு தப்பியிருக்கும். வீட்டாரிடம் கேட்க வேண்டும். அவர்களோ ஐசியு வாசலில் நிற்கிறவர்கள். ‘போன வெள்ளிக்கிழமை எங்கே போனார்?’ என்றால் ‘எங்கேயும் போகவில்லை’ என்றுதான் முதல் பதில் வரும். அரை மணி கழித்து, ‘ஆமாம், மெடிக்கல் ஷாப்புக்குப் போனார்’ என்பார்கள். மறுநாள், ‘அன்றைக்கு ஒரு சாவு வீட்டுக்கும் போனோம்’ என்று நினைவு வரும். இந்த இடைவெளிகளை அடைக்கத்தான் போலீஸ் உதவி. எந்த நேரத்தில் கைபேசி எந்தக் கோபுரத்தின் எல்லையில் இருந்தது என்ற பதிவு, கடைகளின் சிசிடிவி, ஆஸ்பத்திரிச் சீட்டில் அச்சான நேரம், பேருந்து டிக்கெட். எல்லாவற்றையும் கோத்து, மணிக்கணக்கு போட்டு ‘ரூட் மேப்’ ஒன்றை வெளியிடுவார்கள். இந்த நேரத்தில் இந்த கிளினிக்கில் இருந்தவர்கள் கட்டுப்பாட்டு அறையை அழையுங்கள் என்று. 2020 மார்ச்சில், இத்தாலியிலிருந்து பத்தனம்திட்டைக்கு வந்த குடும்பத்துக்கு கொரோனா உறுதியானபோது இந்த முறை கேரளத்தில் பிரபலமானது. பிறகு ‘ரூட் மேப்’ மலையாளிகளின் அன்றாடச் சொல்லாகவே ஆகிவிட்டது.

பட்டியலில் வந்த எல்லோரும் ஒரே ரகம் இல்லை. நோயாளியின் வாந்தியைத் துடைத்தவர், எச்சில் தெறிக்கும் தூரத்தில் இரவெல்லாம் உட்கார்ந்திருந்தவர், குழாய் செருகிய மருத்துவர், இறந்த உடலைக் குளிப்பாட்டியவர் ஆகியோர் அதிக ஆபத்து உள்ளவர்கள். அதே வராந்தாவைக் கடந்து போனவர் குறைந்த ஆபத்து. இருவருக்கும் 21 நாள் கண்காணிப்பு. 21 என்பது சும்மா வந்த எண் இல்லை. 2018 கோழிக்கோட்டுப் பரவலை ஆராய்ந்தபோது, தொற்றிய நாளிலிருந்து காய்ச்சல் வரும் நாள் வரை 6 முதல் 14 நாள் ஆகியிருந்தது. நடு அளவு ஒன்பதரை நாள். 21 நாள் என்பது அந்த 14-க்கு மேலும் ஒரு வாரம், பாதுகாப்புக்கு.

கோபுரமும் டிக்கெட்டும் இல்லாத இடத்தில் என்ன செய்வது? இதை இடுக்கி எல்லையில் கேட்டுப் பார்க்க வேண்டும். கம்பம், போடி பக்கத்திலிருந்து விடியற்காலையில் ஜீப்புகள் புறப்படும். குமுளி வழியாக, கம்பம்மெட்டு வழியாக, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும். ஒரு ஜீப்பில் எத்தனை பேர் என்று கணக்குக் கேட்காதீர்கள். ஒருவர் மடியில் ஒருவராக உட்கார்ந்திருப்பார்கள். சாயங்காலம் அதே கூட்டம் இறங்கி வரும். டிக்கெட் கிடையாது. மலையில் பல இடங்களில் கைபேசிக்குச் சிக்னலும் கிடையாது. அந்த ஜீப்பில் நேற்று யார் வந்தார்கள் என்பது ஓட்டுநருக்கும், ஆளைக் கூட்டிக்கொண்டு போகிற கங்காணிக்கும்தான் தெரியும். இங்கே தடம் பிடிக்க வேண்டுமென்றால் மென்பொருள் உதவாது. கங்காணியின் கூலி நோட்டைத்தான் பார்க்க வேண்டும். கூலி கொடுத்த பெயர்கள் அதில் இருக்கும்.

கேரளத்தில் நிபா என்ற செய்தி வந்தவுடன் தமிழ்நாட்டில் நடக்கும் முதல் காரியம், சோதனைச் சாவடியில் காய்ச்சல் பார்ப்பது. வாளையாறில், கோபாலபுரத்தில், குமுளியில் சுகாதாரப் பணியாளர்கள் நெற்றிக்கு நேரே வெப்பமானியை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். வெயிலில் நிற்கும் அவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் நிபாவைப் பிடிக்க இது சரியான இடம் என்று நான் நினைக்கவில்லை. வைரஸ் உடம்புக்குள் அரும்பிக்கொண்டிருக்கும் பத்து நாளும் காய்ச்சல் இருக்காது. வெப்பமானிக்கு ஒன்றும் தெரியாது. பிறருக்கு நிறையக் கொடுக்கும் கட்டத்தில் நோயாளி மூச்சுத் திணறிப் படுத்திருப்பார். பேருந்தில் ஏறி வாளையாறைக் கடக்கும் நிலையில் இருக்க மாட்டார். வந்தால் ஆம்புலன்ஸில், கோவை ஆஸ்பத்திரி ஒன்றுக்குத்தான் வருவார். அவரை அங்கே வாங்கிக்கொள்ளும் மருத்துவர் ‘எங்கிருந்து வருகிறீர்கள், வீட்டில் வேறு யாருக்காவது காய்ச்சலா?’ என்று கேட்கிறாரா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அந்தக் கேள்வியின் பலன் 2018 மே மாதத்தில் கோழிக்கோட்டில் தெரிந்தது. பேராம்பிரைப் பக்கத்துக் குடும்பம் ஒன்றில் மே 5 அன்று ஓர் இளைஞர் இறந்தார். காரணம் தெரியவில்லை. இரண்டு வாரத்துக்குள் அவருடைய அண்ணன் அதே அறிகுறிகளோடு தனியார் மருத்துவமனைக்கு வந்தார். ஒரே வீட்டில் இரண்டாவது மூளைக்காய்ச்சல் என்றதும் மருத்துவர்கள் சுதாரித்துக்கொண்டார்கள். மாதிரி மணிப்பால் வைரஸ் ஆய்வு மையத்துக்குப் போனது. நிபா என்று பதில் வந்தது. புனே அதை உறுதி செய்தது. இரண்டாவது நோயாளியிலேயே இந்த நோய் கண்டுபிடிக்கப்பட்டது உலக அளவில் பேசப்பட்டது. 2001-ல் சிலிகுரியில் 66 பேருக்கு வந்து 45 பேர் இறந்தபோது அது நிபா என்று அப்போது யாருக்கும் தெரியவில்லை. சேமித்து வைத்த மாதிரிகளைச் சோதித்துப் பின்னால்தான் தெரிந்துகொண்டார்கள்.

கோழிக்கோட்டில் அதன் பிறகு நடந்த விசாரணை, பின்னோக்கிய தேடலில் அரிதான முழு வெற்றி. மொத்தம் 23 நோயாளிகள். முதலாமவரைத் தவிர ஒவ்வொருவரையும் எடுத்து, காய்ச்சல் தொடங்கிய நாளிலிருந்து 6 முதல் 14 நாள் பின்னால் போய், அந்த நாட்களில் அவர் எங்கே இருந்தார் என்று பார்த்தார்கள். ஒருவருக்கொருவர் அறிமுகமே இல்லாதவர்கள். ஊர் வேறு, வேலை வேறு, நோய் வேறு. ஆனால் அவர்களில் பலரும் ஒரே நாளில் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் இருந்திருக்கிறார்கள். ஸ்கேன் எடுக்க வரிசையாகக் காத்திருக்கும் நடைவழியில், முதல் நோயாளியைப் படுக்க வைத்திருந்த நேரத்தில், அவர்களும் அங்கே நின்றிருக்கிறார்கள். வேறு யாருக்கோ துணையாக வந்தவர்களும் அதில் உண்டு. பேராம்பிரை தாலுகா ஆஸ்பத்திரியில் அந்த இளைஞரைப் பார்த்துக்கொண்ட செவிலியர் லினி மே 21 அன்று இறந்தார்.

இது ஏன் சாத்தியமானது? நோயாளிகள் பலர் இருந்தார்கள். அவர்களுக்குள் பொதுவாக ஒன்று இருந்தது. அந்தப் பொதுவானதைத் தேடினால் போதும். பங்களாதேஷில் நோய் ஈச்சம்பதநீர் வழியாக வருவதைப் பிடித்ததும் இப்படித்தான். 2004 டிசம்பரும் 2005 ஜனவரியும் சேர்ந்த குளிர்காலத்தில் டாங்காயில் மாவட்டத்தில் 12 பேருக்கு நிபா வந்தது. ஆய்வாளர்கள் நோயாளிகளின் வீடுகளோடு நிற்காமல், அக்கம்பக்கத்தில் நோய் வராதவர்களிடமும் அதே கேள்விகளைக் கேட்டார்கள். மரம் ஏறினீர்களா, பன்றியைத் தொட்டீர்களா, நோயாளியைப் பார்த்தீர்களா, பச்சைப் பதநீர் குடித்தீர்களா. நோய் வந்தவர்களில் 64 விழுக்காட்டினர் குடித்திருந்தார்கள். வராதவர்களில் 18 விழுக்காட்டினர்தான். மற்றக் கேள்வி எதிலும் இப்படி ஒரு வித்தியாசம் இல்லை. பிறகு இரவில் அகச்சிவப்புக் கேமரா வைத்துப் பார்த்தபோது, வௌவால்கள் மரத்துக்கு வந்து, சீவிய இடத்தில் வடியும் பதநீரை நக்குவது படமாகவே பதிந்தது.

இதைப் படித்ததும் பாலக்காட்டுக்காரர்களுக்கு உடனே சித்தூர் நினைவு வரும். கேரளத்தின் கள்ளுக்கடைகளுக்குப் பெருமளவு கள் போவது சித்தூர் வட்டத்துத் தென்னந்தோப்புகளிலிருந்துதான். பாளையில் கட்டிய கலயம், மேலே வௌவால். சந்தேகப்படக் காரணம் இருக்கிறது. விசாரணைக்காரர்கள் அதைக் கேட்காமல் விடுவதும் இல்லை. ஆனால் கேரளத்தின் நிபா நோய் எதுவும் கள்ளிலிருந்து வந்தது என்று இதுவரை நிறுவப்படவில்லை. டாங்காயிலின் விடையைச் சித்தூருக்கு அப்படியே தூக்கிக்கொண்டு வர முடியாது.

கேரளத்தின் உண்மையான சிக்கல் வேறு. இங்கே வைரஸ் விலங்கிலிருந்து மனிதருக்குத் தாவுவது ஒவ்வொரு தடவையும் ஒருவரிடத்தில்தான். 2018-ல் ஒருவர், மற்றவர்களுக்கு அவர் மூலம். 2019-ல் ஒரே ஒரு மாணவர். 2021 செப்டம்பரில் கோழிக்கோடு மாவட்டச் சிறுவன். 2023-ல் ஆறு பேர், தொடக்கம் ஒருவர். 2024 ஜூலையில் மலப்புறத்துப் பாண்டிக்காட்டுச் சிறுவன். ஒரு நோயாளியை வைத்துக்கொண்டு பொதுவானது எது என்று எப்படிக் கேட்பது? 2021-ல் அந்தச் சிறுவன் ரம்புட்டான் சாப்பிட்டான் என்றார்கள். ரம்புட்டான் பருவத்தில் கேரளத்தில் அதைத் தின்னாத பிள்ளை யார்? 2024-ல் அம்பழங்காய் என்றார்கள். அந்த ஊரில் அம்பழங்காய் தின்ற மற்றப் பிள்ளைகள் நன்றாகத்தானே இருந்தார்கள்? தின்றதால் வந்தது என்று சொல்லவும் வழியில்லை, தின்றதால் வரவில்லை என்று சொல்லவும் வழியில்லை. ஒருவர் என்ற எண்ணுக்குப் புள்ளியியலில் வாய் கிடையாது.

காலமும் சதி செய்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். தொற்றி, காய்ச்சல் வர ஏறத்தாழ பத்து நாள். ‘சாதாரணக் காய்ச்சல்’ என்று உள்ளூர் கிளினிக்கில் மாத்திரை வாங்கி மூன்று நான்கு நாள். நினைவு தப்பிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், டெங்குவா, எலிக்காய்ச்சலா என்று பார்த்து, புனேக்கு மாதிரி அனுப்பி, விடை வர இன்னும் சில நாள். விசாரணைக் குழு வீட்டு வாசலில் வந்து நிற்கும்போது மூன்று வாரம் ஓடியிருக்கும். மாம்பழத்தின் மேல் இந்த வைரஸ் எவ்வளவு நேரம் உயிரோடு இருக்கும் என்று ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். வெப்பத்தையும் பழத்தின் தன்மையையும் பொறுத்து, இரண்டு மணி நேரத்திலிருந்து இரண்டு நாள் வரை. மூன்று வாரத்துக்கு முன் வௌவால் கடித்துப் போட்ட பழம் அன்றைக்கே முற்றத்தைப் பெருக்கிய குப்பையோடு போயிருக்கும். இன்று அதே மரத்தடியில் பொறுக்கும் பழம் வேறு பழம். கடித்ததும் வேறு வௌவாலாக இருக்கலாம். அதில் வைரஸ் இல்லை என்று வந்தால் அந்த மரம் நிரபராதி என்று பொருளில்லை.

ஆகவே பழத்தை விட்டுவிட்டு வௌவாலைத் தேடுகிறார்கள். எந்த வௌவால் என்பதிலேயே 2018-ல் ஒரு தடுமாற்றம் நேர்ந்தது. பேராம்பிரை வீட்டுக் கிணற்றில் வௌவால்கள் இருந்தன. கிணறு, வௌவால், சாவு என்று மூன்றையும் பார்த்த ஊர், குற்றவாளி சிக்கியது என்று முடிவே கட்டிவிட்டது. பிடித்துச் சோதித்ததில் வைரஸ் இல்லை. அவை பூச்சி தின்னும் வௌவால்கள். நிபாவைக் காலங்காலமாகச் சுமந்து வருவதோ பழந்தின்னிகள். ஆலமரத்திலும் அரசமரத்திலும் பகலெல்லாம் நூற்றுக்கணக்கில் தொங்கும், சிறகை விரித்தால் ஒரு மீட்டருக்கு மேல் வரும் பெரிய இனம். பின்னர் அந்தப் பகுதியில் 52 பழந்தின்னிகளைப் பிடித்துச் சோதித்தபோது 10-ல் வைரஸ் இருந்தது. அதன் மரபணு வரிசையும் நோயாளிகளிடமிருந்து எடுத்த வைரஸின் வரிசையும் 99.7 முதல் 100 விழுக்காடு வரை ஒத்துப்போயின. இந்த வௌவால் கூட்டத்துக்கும் அந்த நோய்க்கும் உறவு உண்டு என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது கடினம். அதிலும் கவனியுங்கள்: உறவு உண்டு என்றுதான் சொல்கிறது. பழமா, எச்சிலா, கீழே விழுந்த குட்டியைத் தொட்டதா என்று சொல்லவில்லை.

2019-ல் தொடுபுழையிலும் மாணவர் போய்வந்த மற்ற இடங்களிலும் புனே நிறுவனத்தார் வலை கட்டினார்கள். பழந்தின்னி பிடிப்பது லேசான வேலை இல்லை. அந்தி சாயும் நேரத்திலோ, இரை தேடிவிட்டுத் திரும்பும் விடியலுக்கு முன்போ, அவை பறக்கும் பாதையில் மெல்லிய வலையை மரங்களுக்கிடையே உயரத்தில் கட்ட வேண்டும். சிக்கியதை உடனே இறக்க வேண்டும். இல்லாவிட்டால் சிறகு கிழியும். பிடிப்பவர் முழு உடல் கவசமும் இரட்டைக் கையுறையும் முகக்கவசமும் போட்டிருப்பார். ஈரக் காற்றில் கண்ணாடி ஆவி படிந்துவிடும். கடித்தால் கையுறை தாங்காது. தொண்டையில் ஒன்று, மலவாயில் ஒன்று என்று பஞ்சுக்குச்சியில் மாதிரி எடுப்பார்கள். இப்படி 141 வௌவால்களிடம் எடுத்தார்கள். மலவாய் மாதிரி ஒன்றிலும், உள்ளுறுப்புகளைச் சோதித்தவற்றில் மூன்று வௌவால்களிலும் வைரஸ் சிக்கியது. ரத்தம் பார்த்தவற்றில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுக்கு எதிர்ப்பொருள் இருந்தது. அதாவது அவற்றுக்கு எப்போதோ வைரஸ் வந்து போயிருக்கிறது.

சிக்கிய வைரஸின் வரிசையைப் படித்தபோது, பங்களாதேஷ் வகையிலிருந்தும் மலேசிய வகையிலிருந்தும் அது விலகி நிற்பது தெரிந்தது. தென்னிந்தியாவில் தனியாக ஒரு வகை உலவுகிறது என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். என்னைக் கேட்டால், மாணவர் எந்தப் பழத்தைத் தின்றார் என்பது தெரிந்திருந்தால் கிடைத்திருக்கக்கூடிய பயனைவிட இது பெரிது. வைரஸ் எங்கிருந்தோ பறந்து வந்த விருந்தாளி இல்லை; நம் மலையடிவாரத்திலேயே நெடுங்காலமாகக் குடியிருக்கிறது. 1998-99-ல் மலேசியாவில் 265 பேருக்கு வந்து 105 பேரைக் கொன்று, சுங்கை நிபா என்ற ஊரிலிருந்து பெயரும் பெற்ற நோய்க்கும் நமக்கும் இடையே கடல் இருக்கிறது என்ற ஆறுதல் அதோடு போயிற்று. பழந்தின்னிகள் ஒரே இரவில் பல பத்துக் கிலோமீட்டர் பறப்பவை. பாலக்காட்டுக் கணவாயில் அவற்றைத் தடுக்கச் சுவர் எதுவும் இல்லை.

கொரோனாவோடு ஒப்பிட்டால் ஒரு வித்தியாசம் தெளியும். 2020 மார்ச் இறுதியில் இடுக்கியில் அரசியல் பிரமுகர் ஒருவருக்கு அது உறுதியானது. வெளிநாடு போகாதவர். ஆனால் பாலக்காட்டிலிருந்து திருவனந்தபுரம் வரை கூட்டம் கூட்டமாகச் சந்தித்தவர். அவருக்கு யாரிடமிருந்து வந்தது என்று கேட்டு மாவட்டங்கள் கலங்கின. கொரோனாவில் இப்படித் தடம் தொலையக் காரணம், அறிகுறியே இல்லாதவர்களும் வைரஸைக் கொடுத்துக்கொண்டிருந்தது. நிபா அப்படி ஒளிந்து பரவுவதில்லை. பங்களாதேஷில் 2001 முதல் 2014 வரையிலான 248 நோயாளிகளை ஆராய்ந்ததில், பத்தில் ஒன்பது பேர் ஒருவருக்குக்கூட நோயைக் கொடுக்கவில்லை. கொடுத்தவர்கள் ஏறத்தாழ எல்லோரும் மூச்சுத் திணறலோடு இருந்தவர்கள். அதனால்தான் தொடக்கம் தெரியாவிட்டாலும் முடிவைக் கட்டுப்படுத்த முடிகிறது. 2019-ல் முந்நூறுக்கும் மேற்பட்டவர்களைக் கண்காணித்தார்கள், ஒருவருக்கும் வரவில்லை.

கோவை, பொள்ளாச்சி, தேனிப் பக்கம் இருக்கும் வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தோட்டத்தில் வௌவாலைக் கண்டு மரத்தை வெட்டாதீர்கள், பட்டாசு வெடிக்காதீர்கள். கலைந்த கூட்டம் இன்னும் பல தோப்புகளுக்குச் சிதறும், அவ்வளவுதான். கடித்த பழத்தைத் தின்னாதீர்கள், பிள்ளைகளைப் பொறுக்க விடாதீர்கள். வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சலோடு பேச்சு குழறினாலோ ஆளை அடையாளம் தெரியாமல் போனாலோ, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் முன் ஒரு தாளில் கடந்த மூன்று வாரத்தை எழுதி எடுத்துக்கொள்ளுங்கள்: எந்த ஊர்களுக்குப் போனார், எந்த ஆஸ்பத்திரியில் யாரைப் பார்த்தார், எந்த ஜீப்பில் யாரோடு போனார், என்ன தின்றார், எந்த விலங்கைத் தொட்டார். மருத்துவர் கேட்காவிட்டாலும் அதை அவர் கையில் கொடுங்கள்.